கியர் ஆயிலுக்கு ஒரு வாக்கெடுப்பு

பிள்ளைகளே, போன சீனப் புத்தாண்டு விடுமுறையில் நீங்கள் இருவரும் சுபாங் ஜெயாவில் சித்தி வீட்டில் இருந்தீர்கள். அந்த நாட்களில் நம் லோரிக்கு என்ன ஆனது என்று கோயில் அன்னதானப் பந்தியில் பலர் பலவிதமாகச் சொல்லியிருப்பார்கள். அம்மன்தான் லோரியை நிறுத்தினாள் என்பார் ஒருவர். இல்லை, அம்மன்தான் லோரியை ஓட்டினாள் என்பார் இன்னொருவர். நிறுத்தியது ஒரு தேங்காய். ஓட்டியது உங்கள் அம்மா. இதை இப்போதே எழுதி வைக்காவிட்டால் இன்னும் கொஞ்ச காலத்தில் கோயிலின் தல வரலாற்றில் சேர்த்துவிடுவார்கள் என்ற பயத்தில் எழுதுகிறேன். எனக்குத் தமிழ்ப்பள்ளிப் படிப்பும், அதற்கு மேல் கொஞ்சமும்தான். பிழை இருந்தால் பெரியவள் திருத்திக்கொள்ளட்டும்.

லோரி என்று நாம் சொல்வது அந்தப் பழைய பிக்கப்பைத்தான். அம்மாவிடம் ஆட்டோ கியர் லைசன்ஸ் மட்டுமே இருந்ததால் ஆட்டோ கியர் வண்டியாகத் தேடி வாங்கினோம். வாரத்தில் ஆறு நாள் அது வண்டி. ஞாயிற்றுக்கிழமை காலையில் கிள்ளான் சந்தைக்கு, நம் பாசாருக்குப் போய்ப் பின்கதவை இறக்கிவிட்டால் அதுவே தோசைக் கடை. கேஸ் அடுப்பும் கல்லும் அதன் முதுகிலேயே பொருத்தியிருப்பதால் லோரி இல்லாமல் கடை கிடையாது.

அந்தப் பாசாரில் அம்மாவுக்கு இருக்கும் இடம் சும்மா கிடைத்ததல்ல. ஆரம்பத்தில் லோங்காங் ஓரமாகப் போட்டார்கள். சாக்கடைப் பக்கம் சரிந்த தரை. கல்லில் மாவை ஊற்றினால் வட்டமாக நிற்காது, ஒரு பக்கமாக வால் இழுத்துக்கொண்டு ஓடும். "என்னக்கா, தீபகற்ப மலேசியா படம் மாதிரியே சுடுறீங்க" என்று ஒருவர் கேட்டுவிட்டுப் போனார். அன்று முதல் அம்மா பாசாரில் எந்த இடம் காலியானாலும் போய் நின்று பார்ப்பாள். ஒரு தட்டில் எண்ணெய் ஊற்றித் தரையில் வைத்து, அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்ப்பாள். கடைசியில் பெரிய வாசலுக்குப் பக்கத்தில் சிமெண்டுத் தரையில் ஓர் இடம் கிடைத்தது. அங்கேதான் தோசை வட்டமானது.

பாசாரின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். தொடர்ந்து இரண்டு ஞாயிறு இடம் காலியாகக் கிடந்தால் வரிசையில் அடுத்து நிற்பவருக்குப் போய்விடும். அப்புறம் அழுதாலும் வராது. வரிசையில் முதலில் நின்றவர் பக்கத்துக் கடைக்காரர், கைபேசி உறை விற்பவர். மிகவும் அன்பானவர். ஒவ்வொரு வாரமும் அம்மாவின் உடல்நலத்தைப் பற்றிக் கவலைப்படுவார்.

"அக்கா, ரொம்ப டயர்டா இருக்கீங்க லா. ரெண்டு வாரம் ரெஸ்ட் எடுங்க. ஒரே வாரம் எடுத்தா உடம்பு தேறாது."

இனி திருவிழாவுக்கு வருகிறேன்.

நம் கோயில் சின்னக் கோயில். தேர் கிடையாது. அதனால் வருடா வருடம் நம் லோரியின் முதுகில்தான் ரதத்தைக் கட்டுகிறார்கள். ஆட்டோ கியர் வண்டி, பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் தானாகவே நடை வேகத்தில் நகரும், அம்மனுக்கு ஏற்ற வண்டி என்று கோயில் தலைவர் கண்டுபிடித்தார். தலைவர் தபால் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் முத்திரை குத்துவது போல உறுதியாகச் சொல்வார். செயலாளர் காப்புறுதி விற்பவர். உலகத்தில் எதற்கும் ஆபத்து உண்டு என்று நம்புகிறவர், கூட்டம் போட்டால் மட்டும் ஆபத்து இல்லை என்றும் நம்புகிறவர்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் ரதம் புறப்பட்டது. ஸ்டியரிங்கில் நான். ரதத்தின் பாரத்தில் லோரியின் வயிறு ரோட்டை ஒட்டிக்கொண்டிருந்தது. வாசலுக்கு வாசல் தேங்காய் உடைத்தார்கள். நம் ஆட்கள் தேங்காய் உடைக்கும் விதம் உங்களுக்குத் தெரியும். ரோட்டுக்கு ஏதோ பழைய பகை இருப்பது போல ஓங்கி அடிப்பார்கள். ஆனால் அத்தனை வேகத்திலும் உடையாத தேங்காய் ஒன்று எப்போதும் இருக்கும். அது ஓட்டுச் சில்லுகளுக்கு நடுவில் உருண்டு வந்து நம் லோரிக்கு அடியில் போயிற்று. அதே நேரத்தில் முன்சக்கரம் ரோட்டு மேட்டில் ஏறி இறங்கியது. கீழே 'டக்' என்றது. மேளச் சத்தத்தில் எனக்கு மட்டும்தான் கேட்டது.

கொஞ்ச தூரம் போனதும் பின்னால் பெண்கள் கூட்டத்தில் ஒரே சலசலப்பு. ரோட்டில் சிவப்பாக ஒரு கோடு, லோரி போகும் வழியெல்லாம்.

"குங்குமத் தண்ணி! அம்மா குங்குமத் தண்ணி தெளிச்சிட்டுப் போறா!"

சொன்னவர் மூலை வீட்டு ஆன்டி. சொன்னதோடு நிற்கவில்லை. குனிந்து தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டார். அடுத்தவரும் வைத்துக்கொண்டார். ஆட்டோ கியர்பாக்ஸுக்கு ஊற்றும் ஆயில் சிவப்பு நிறம் என்பது அங்கே என்னையும் அம்மாவையும் தவிர யாருக்கும் தெரியவில்லை. நான் கண்ணாடியை இறக்கி, "தலைவரே, அது கியர் ஆயில்!" என்று கத்தினேன். தலைவர் மைக்கைப் பிடித்திருந்தார். மைக்கைப் பிடித்திருப்பவருக்கு மற்றவர் பேச்சு கேட்காது. "பக்த கோடிகளே, அம்மனின் அருளை நேரில் காண்கிறீர்கள்!" என்றார். அந்த அருள் முழுவதும் ஒழுகி முடிந்த இடத்தில் லோரி நின்றது. எஞ்சின் உறுமியது. சக்கரம் அசையவில்லை. தலைவர் மறுபடியும் மைக்கில், "அம்மன் இந்த இடத்தில் இளைப்பாற விரும்புகிறாள்" என்றார். அது ஒரு கார் கழுவும் கடை வாசல்.

மிச்ச வழியை ஆண்கள் வடம் கட்டி இழுத்தார்கள். அந்த வடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வரும்.

மறுநாள் ஞாயிறு. பாசாரில் அம்மாவின் இடம் காலியாகக் கிடந்தது. கைபேசி உறைக்காரர் போன் செய்து, "கவலைப்படாதீங்க அக்கா, எடத்தை நான் பாத்துக்குறேன்" என்றார். பார்த்துக்கொண்டுதான் இருந்தார். தன் மேசையை ஒரு முழம் உள்ளே நகர்த்தி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மா என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்று. "என்னங்க, அடுத்த ஞாயிறு நான் அங்க நிக்கணும்."

லோரிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். ஆட்டோ கியர்பாக்ஸுக்குக் கீழே ஒரு தகரத் தட்டு உண்டு. ஆயில் அதில்தான் தேங்கி நிற்கும். பட்டறைக்காரர்கள் அதைப் பான் என்பார்கள். நம்முடைய பான் தேங்காய் அளவுக்குக் குழிந்து, ஓரத்தில் பிளந்திருந்தது. கியர்பாக்ஸுக்குச் சேதம் இல்லை. பானை மாற்றி, ஆயில் ஊற்றி, அளவு பார்த்தால் போதும். துறைமுகக் கிடங்கில் போர்க்லிப்ட் ஓட்டுகிறவன் நான், இதைச் செய்ய முடியும். பட்டறைகள் எல்லாம் புத்தாண்டுக்கு மூடிக் கிடந்ததால் வேறு வழியும் இல்லை.

ஆனால் செயலாளர் வந்து தடுத்தார். கோயில் வேலையில் அடிபட்ட வண்டியாம், கோயில்தான் செய்து தர வேண்டுமாம். கோயில் செய்வதென்றால் கூட்டம் வேண்டும். திங்கள் கூட்டத்தில் ஆள் போதாமல் கோரம் இல்லை. புதன்கிழமை, 'பான் மாற்றும் துணைக்குழு' அமைக்கத் தீர்மானம் போட்டார்கள். ஒருவர் முன்மொழிந்தார், ஒருவர் வழிமொழிந்தார், ஒருவர் வெளிநடப்புச் செய்தார். வெளிநடப்புச் செய்தவரையும் குழுவில் சேர்த்தார்கள், இல்லாவிட்டால் அவர் தனியாக ஒரு பான் குழு தொடங்கிவிடுவார் என்று. என்னைக் குழுவில் சேர்க்கவில்லை. "நீங்க வேலையைப் பாருங்க தம்பி, குழுவை நாங்க பாத்துக்குறோம்" என்றார் தலைவர். அது நியாயமாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை, ராகு காலம் கழித்து, கோயில் தெருவில் லோரியை ஜாக்கியில் தூக்கி நாலு பக்கமும் முட்டுக் கொடுத்தேன். முதல் போல்ட்டைத் தலைவர் கழற்றித் தொடக்கி வைப்பதாக ஏற்பாடு. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. அட்டைப்பெட்டியை விரித்து அதன் மேல் மல்லாந்து உள்ளே போனார். நான் பக்கத்தில் குனிந்து, "அண்ணே, உள்ள இன்னும் ஆயில் கெடக்கு. ஒரே ஒரு போல்ட்டு லேசா லூஸ் பண்ணிட்டு வெளிய வந்துருங்க. மிச்சம் நான் சுத்திச் சுத்திக் கொஞ்சம் கொஞ்சமா எறக்கிக்கிறேன்" என்றேன்.

"தெரியும் தம்பி."

முதல் போல்ட் கழன்றது. எல்லோரும் கை தட்டினார்கள். கைபேசியில் படம் எடுத்த செயலாளர், "அண்ணே, மொகத்துல இருட்டு. இன்னொண்ணு" என்றார். தலைவர் இன்னொரு போல்ட்டைக் கழற்றினார்.

"இப்ப கண்ணை மூடிட்டீங்க அண்ணே."

இன்னொன்று.

"சிரிங்க அண்ணே."

சிரித்தபோது அந்தப் பக்கத்துப் போல்ட் எல்லாம் தீர்ந்துவிட்டிருந்தது. பான் ஒரு பக்கமாகத் தொங்கி, மிச்சமிருந்த ஆயில் அப்படியே தலைவர் மார்பில் இறங்கியது. அந்தப் படம்தான் மிகவும் தெளிவாக வந்தது. இன்றும் கோயில் அலுவலகத்தில் மாட்டியிருக்கிறார்கள். பார்க்கிறவர்கள் குங்கும அபிஷேகம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

சனிக்கிழமை காலை, கழற்றிய பானை அரிசிச் சாக்கில் கட்டிக்கொண்டு நானும் செயலாளரும் கொமுட்டர் ரயில் ஏறினோம். செந்தூலில் பழைய உதிரிப் பாகம் விற்கும் கடை ஒன்று திறந்திருந்தது. அந்தக் கடைக்காரர் போனிலேயே சொல்லியிருந்தார், "வாயால சொல்லாதீங்க பாஸ், பழசைக் கொண்டாந்து காட்டுங்க. ஒவ்வொரு வருஷத்து வண்டிக்கும் ஒவ்வொரு பான்." பிரிக்பீல்ட்ஸில் ரயில் மாறும் இடத்தில் சாக்கு ஒழுக ஆரம்பித்தது. காவலாளி ஓடி வந்து, "பாங், இனி டாரா கா?" என்றார். ரத்தமா என்று கேட்கிறார். "பூக்கான், மிஞ்யாக் கியர்" என்றேன். இல்லை, கியர் ஆயில் என்று சொல்லிச் சாக்கைத் திறந்து காட்டினேன். அதற்குள் செயலாளரைக் காணவில்லை. வெளியே போய் மாலையோடு திரும்பி வந்தார். ரோஜாவும் சம்பங்கியும் கட்டிய நல்ல கனமான மாலை.

"யாருக்கு?"

"புதுப் பானுக்கு."

செந்தூல் கடைக்காரர் பழைய பானையும் தன்னிடம் இருந்ததையும் ஒன்றின் மேல் ஒன்று கவிழ்த்து, துளைகள் சேருகின்றனவா என்று பார்த்துத் தந்தார். கேஸ்கட், வடிகட்டி, ஆயில் போத்தல்கள் எல்லாம் கொடுத்தார். மாலையைப் பார்த்தார். செந்தூலில் அவர் எவ்வளவோ பார்த்திருப்பார். கடைசியாக என்னிடம் சொன்னார்:

"பாஸ், அளவு பாக்குறதுதான் முக்கியம். எஞ்சின் ஓடிட்டு இருக்கணும், சூடாயிருக்கணும். எல்லா கியரும் ஒரு தடவை போட்டுப் பார்க்கிங்குக்கு வந்து அப்புறம் அளவுக் குச்சியை எடுங்க. தரை மட்டமா இருக்கணும். சரிவுல பாத்தீங்கன்னா குச்சி பொய் சொல்லும். கொறஞ்சாலும் ஆபத்து, கூடுனாலும் ஆபத்து. வழுக்குச்சுன்னா ஓட்டாதீங்க, கியர்பாக்ஸ் வெந்துரும்."

மத்தியானம் வேலை நடந்தது. பழைய கேஸ்கட் கியர்பாக்ஸ் ஓரத்தில் அப்பளம் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. அதைச் சுரண்ட அம்மாவின் பழைய மரத் தோசைக் கரண்டிதான் சரியாக இருந்தது. இரும்பு பட்டால் கீறிவிடும். பழைய பானுக்குள் ஒரு காந்தம் இருந்தது, அதில் சாம்பல் நிறத்தில் இரும்புத் தூள் சேறு போல அப்பியிருந்தது. துடைத்துப் புதுப் பானில் வைத்தேன். வடிகட்டியை மாற்றினேன். மாலை போட்ட பானை அப்படியே ஏற்ற முடியுமா என்று செயலாளர் கேட்டார். முடியாது என்றேன். கூடிப் பேசி, மாலைக்குப் பதிலாகச் சந்தனப் பொட்டு என்று முடிவு செய்தார்கள். அந்தப் பொட்டு இன்றும் லோரியின் வயிற்றில் இருக்கிறது. ரோட்டைத் தவிர யாருக்கும் தெரியாது. போல்ட்டுகளை எதிர் எதிர் மூலையாக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். இந்த முறை யாரும் படம் எடுக்க வரவில்லை.

லோரியை இறக்கி, புனல் வைத்து ஆயில் ஊற்றி, ஓடவிட்டேன். ஒரு போத்தலை மட்டும் தலைவர் எடுத்துக்கொண்டு போய் அம்மன் காலடியில் வைத்துவிட்டார்.

சூடானதும் கியரையெல்லாம் போட்டுப் பார்த்துவிட்டு, அளவுக் குச்சியைத் துடைத்து, உள்ளே விட்டு எடுத்தேன். லோரி கோயிலைப் பார்த்து நின்றது. குச்சி 'நிறைவு' என்றது. எனக்குச் சந்தேகம். நம் கோயில் தெரு ஏற்றம் என்பது மழை பெய்தால் தெரியும், தண்ணீர் எல்லாம் பெரிய ரோட்டுப் பக்கம்தான் ஓடும். கூட இருந்தவர்களைத் தள்ளச் சொல்லி லோரியைத் திருப்பி, பெரிய ரோட்டைப் பார்க்க நிறுத்தி மறுபடி எடுத்தேன். குச்சியின் நுனியில் மட்டும் சிவப்பு.

"தலைவரே, ரோடு சரிவு. இங்க பாத்தா சரி வராது" என்றேன்.

தலைவரின் முகம் மாறியது. "தம்பி, இந்த ரோடு நான் மனுப் போட்டு, நம்ம தொகுதி ஒய்பி நேர்ல வந்து ரிப்பன் வெட்டித் தொறந்த ரோடு. அதைப் போய்ச் சரிவுன்னு சொல்றீங்களே?"

"ஒய்பி வெட்டுனது ரிப்பனைத்தானே அண்ணே, மேட்டை வெட்டலையே" என்றார் வெளிநடப்புச் செய்தவர்.

அவ்வளவுதான். துணைக்குழு இரண்டாகப் பிரிந்தது. 'நிறைவு' அணி, 'குறைவு' அணி. நிறைவு அணிக்குத் தலைவர் ஒரு காரணம் சொன்னார்: வண்டி கோயிலைப் பார்த்து நிற்கும்போது காட்டுவதுதான் உண்மையான அளவு. ரோட்டைப் பார்த்து நிற்கும்போது அம்மனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறோம், அப்போது எந்த அளவு சரியாக வரும்? இதைக் கேட்டதும் ஊசலாடிக்கொண்டிருந்த இரண்டு பேர் நிறைவு அணிக்குப் போனார்கள். செயலாளர் வாக்கெடுப்பு நடத்தினார். கைகளைத் தூக்கச் சொன்னார். 'நிறைவு' வென்றது. கியர்பாக்ஸுக்கு மட்டும் யாரும் தகவல் சொல்லவில்லை.

அந்த நேரத்தில்தான் அம்மா வந்தாள். கையில் மாவு வாளி. ஞாயிற்றுக்காக ஆட்டி வைத்தது பொங்க ஆரம்பித்துவிட்டது. மாவுக்குத் தீர்மானம் எல்லாம் தெரியாது, அது தன் நேரத்துக்குப் பொங்கும்.

"ஆயிடுச்சாங்க?"

"பெரும்பான்மை முடிவுப்படி ஆயில் நிறைவா இருக்கு தங்கச்சி" என்றார் தலைவர்.

அம்மா என்னைப் பார்த்தாள். நான் குச்சியைப் பார்த்தேன். ஓட்டிப் பார்க்கலாம் என்று ஏறி டிரைவில் போட்டேன். லோரி ஓர் அடி நகர்ந்தது. அப்புறம் எஞ்சின் மட்டும் கத்தியது, லோரி நின்ற இடத்தில் நின்றது. உடனே அணைத்துவிட்டேன். செந்தூல்காரர் சொன்ன வழுக்கல் இதுதான்.

"தலைவரே, குறைவுதான்" என்றார் வெளிநடப்புச் செய்தவர், மிகுந்த சந்தோஷத்தோடு.

"அப்ப இருக்குற போத்தலை ஊத்துங்க" என்றார் செயலாளர்.

"எவ்வளவு ஊத்துறது? கூடுனாலும் கெட்டுப்போகும். மட்டமான தரையில நிறுத்தித்தான் ஊத்தணும்" என்றேன்.

மட்டமான தரை எங்கே? பூப்பந்துத் திடல் என்றார் ஒருவர், அதற்குக் கதவு சின்னது. பள்ளி வளாகம் என்றார் இன்னொருவர், பூட்டு. தலைவர் மறுபடியும், "இந்த ரோடே மட்டம்தான்" என்று தொடங்கினார்.

அம்மா மாவு வாளியைக் கீழே வைத்தாள்.

"குச்சி என்ன சொல்லுதுன்னு கைதூக்கிக் கேட்டீங்களாக்கும்? பாசார்ல என் எடம் மட்டம். கல்லுல எண்ணெய் ஊத்துனா நடுவுலயே நிக்கும். நாளைக்குக் காலையில லோரி அங்க நிக்கணும். அங்க வெச்சு ஊத்துங்க, அங்க வெச்சுப் பாருங்க."

"ஆனா ஓட்டக் கூடாதே?" என்றார் செயலாளர்.

"வடம் இருக்குல்ல?"

மறுநாள் விடியற்காலையில் நம் தெருவில் நடந்ததைப் பார்க்க நீங்கள் இல்லையே என்று எனக்கு இன்னமும் வருத்தம். கோயில் வடத்தை லோரியின் முன்கொக்கியில் கட்டி, துணைக்குழுவின் இரண்டு அணியும் இழுத்தன. கியர் நியூட்ரலில். ஸ்டியரிங்கில் அம்மா. முதுகில் அடுப்பு, கல், மாவு வாளிகள். நான் ஆயில் புனலோடு பக்கத்தில் நடந்தேன். பழக்கம் என்று ஒன்று இருக்கிறது அல்லவா, யாரோ ஒருவர் "ஓம் சக்தி" என்றார், மற்றவர்கள் "பராசக்தி" என்றார்கள். சத்தம் கேட்டு வீடுகளில் விளக்கு எரிந்தது. ஆட்கள் தூக்கக் கலக்கத்தோடு தட்டில் சூடம் ஏற்றிக்கொண்டு வெளியே வந்தார்கள். லோரியின் முதுகில் அம்மனைத் தேடினார்கள். சட்னி வாளியைப் பார்த்தும் சிலர் கும்பிட்டார்கள், வெளியே வந்ததை வீணாக்க வேண்டாம் என்று.

மூலை வீட்டு வாசலில் ஆன்டி. நெற்றியில் பெரிய பொட்டு. கையில் தேங்காய். கையை ஓங்கிவிட்டார்.

அம்மா கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினாள். "ஆன்டி! அது ரோட்டுல விழுந்துச்சுன்னா நான் எறங்கி வந்துருவேன்!"

தேங்காய் அந்தரத்தில் நின்றது. ஆன்டி மெதுவாக அதை இறக்கி, பூட்டாத எங்கள் பின்கதவுக்குள் வைத்தார். "சரி, சட்னிக்காவது ஆகட்டும்."

பாசாருக்குள் நுழைந்தோம். கைபேசி உறைக்காரரின் மேசை அம்மாவின் இடத்தில் முக்கால்வாசி நின்றது. குடை விரித்து, உறைகளை நிறவாரியாகத் தொங்கவிட்டிருந்தார். வடத்தோடு வந்த கூட்டத்தைப் பார்த்து எழுந்து நின்றார்.

"அக்கா... உடம்பு எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு தம்பி. மேசையை எடுங்க."

"அக்கா, பாசார் ஹெட் சொன்னாரு, ரெண்டு ஞாயிறு வரலைன்னா..."

"வந்துட்டேன்ல?"

அவர் ஒரு நியாயம் பேசினார். வண்டி ஓடி வரவில்லை, இழுத்துக்கொண்டு வந்தது. ஓடாத வண்டி கடை ஆகாது, குப்பை. பாசாருக்குள் ஓடாத வண்டியை நிறுத்தக் கூடாது என்று விதி இருக்கிறதாம். அவர் சொன்ன விதி உண்மைதான். பாசார் முடிந்ததும் வண்டிகள் தானே வெளியே போக வேண்டும் என்பதற்காகப் போட்ட விதி. பாசார் தலைவர் வந்து பார்த்துச் சொல்லட்டும் என்று மேசையை லோரி நுழையும் அளவுக்கு மட்டும் நகர்த்தினார்.

இடம் மட்டம். சக்கரங்கள் சிமெண்டில் சமமாக நின்றன. எஞ்சினைப் போட்டேன். சூடாக வேண்டும் என்பதால் காத்திருந்தோம். அந்த நேரத்தில் அம்மா அடுப்பைப் பற்றவைத்தாள். பார்க்கிங், ரிவர்ஸ், நியூட்ரல், டிரைவ் என்று ஒவ்வொன்றிலும் கொஞ்சம் நிறுத்தி, மறுபடி பார்க்கிங்குக்கு வந்தேன். குச்சியைத் துடைத்தேன். விட்டேன். எடுத்தேன். கீழ்க்கோட்டுக்கும் கீழே.

"கோயில்ல இருக்குற போத்தல்!" என்றேன்.

செயலாளர் ஓடினார். காப்புறுதி விற்றுப் பழகிய கால்கள், வேகம்தான். போத்தல் வந்தது. சந்தனம், குங்குமம், கழுத்தில் ஒரு முழம் மல்லிகை. மல்லிகையைக் கழற்றிவிட்டுக் கொஞ்சம் ஊற்றினேன். பார்த்தேன். இன்னும் கொஞ்சம். தலைவர், "போதும் தம்பி" என்றார். வெளிநடப்புக்காரர், "போதாது" என்றார். அம்மா கல்லைத் துடைத்துவிட்டு, "குச்சியைக் கேளுங்க" என்றாள். அடுத்த முறை எடுத்தபோது சிவப்பு இரண்டு கோடுகளுக்கும் நடுவில் வந்து நின்றது. யாரும் கை தூக்கவில்லை.

பாசார் தலைவர் அந்த நேரத்தில்தான் வந்தார். கைபேசி உறைக்காரர் முன்னால் ஓடி விதியை ஒப்பித்தார். பாசார் தலைவர் லோரியைப் பார்த்தார், முன்னால் கட்டியிருந்த வடத்தைப் பார்த்தார்.

"ஓடுமா?"

நான் ஏறினேன். டிரைவில் போட்டுக் காலை எடுத்தேன். லோரி தானாக, நடை வேகத்தில், கத்தாமல், ஓர் அடி முன்னால் போனது. ரிவர்ஸ். ஓர் அடி பின்னால் வந்தது. மறுபடி முன்னால். மேசையின் காலில் முட்டுவதற்குச் சற்று முன்னால் நிறுத்தினேன். கைபேசி உறைக்காரர் மேசையைத் தூக்கிக்கொண்டார்.

"ஓடுது" என்றார் பாசார் தலைவர். "எஞ்சினை ஏன் ஆப் பண்ணல?"

"சூட்டுல இன்னொரு தடவை அளவு பாக்கணும் பாஸ்."

"சரி, பாருங்க. அக்கா, ரெண்டு தோசை பொங்குஸ், வீட்டுக்குக் கொண்டு போறேன்."

அம்மா கல்லின் நடுவில் எண்ணெய் ஊற்றினாள். நடுவிலேயே நின்றது.

துணைக்குழு பிளாஸ்டிக் முக்காலிகளில் உட்கார்ந்து சாப்பிட்டது. இழுத்த களைப்பு. மூலை வீட்டு ஆன்டியும் வந்துவிட்டார். நான் குச்சியைத் துடைத்துப் போட்டிருந்த சிவப்புத் தாளைப் பார்த்து, "தம்பி, அந்தத் தாளைக் கொஞ்சம் குடுங்க. அன்னைக்கு வெச்சதுலேருந்து எனக்குத் தலைவலியே இல்ல" என்றார். அது கியர் ஆயில் என்று விளக்கிச் சொன்னேன். "தெரியும் தம்பி, கோயில்ல வெச்ச கியர் ஆயில்தானே" என்று மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

சாப்பிட்டு முடித்த தலைவர் கை கழுவிவிட்டு, தொண்டையைச் செருமினார். மைக் இல்லாத குறை முகத்தில் தெரிந்தது.

"தங்கச்சி, எல்லாம் அம்மன் செயல். அடுத்த வருஷமும் ரதத்துக்கு நம்ம லோரிதான்."

அம்மா தோசையைத் திருப்பிப் போட்டாள்.

"தாராளமா அண்ணே. ஆனா தேங்காய் எல்லாம் லோரிக்குப் பின்னாலதான் உடைக்கணும்."

தலைவர் திடுக்கிட்டார். சாமிக்குப் பின்னால் தேங்காய் உடைப்பதா? எந்த ஆகமத்தில் இருக்கிறது? இதற்குப் பொதுக்கூட்டம் கூட்ட வேண்டும் என்றார். செயலாளர் தேதி பார்க்க ஆரம்பித்தார். வெளிநடப்புக்காரர் இப்போதே எதிர்ப்பதா, கூட்டத்தில் எதிர்ப்பதா என்று யோசித்தார்.

"கூட்டம் போடுங்க அண்ணே" என்றாள் அம்மா, "முடிவு வர்ற வரைக்கும் சாவி என்கிட்ட இருக்கட்டும்."

அந்தப் பொதுக்கூட்டம் இன்னும் முடியவில்லை. சாவி எங்கே தொங்குகிறது என்று உங்களுக்குத் தெரியும். அம்மாவின் இடுப்பில்.